சமன்பாட்டை டைப் பண்ணி முடிச்சப்புறம் என்ன ஆகுது: லேடெக், வேர்ட், டைப்ஸ்ட் ஒரு ஒப்பீடு

கணக்கு நிறைஞ்ச டாக்குமெண்ட் எழுத, கட்டளைகளா அடிச்சு பிடிஎஃப் எடுக்கற லேடெக் நல்லதா, திரைல பாத்தே அடிக்கற வேர்ட் நல்லதான்னு சண்டை ஆரம்பிச்சா முதல்ல வந்து விழற வாதம் எப்பவும் அழகுதான். லேடெக்ல போட்ட சமன்பாடு அச்சுப் புத்தகத்துல இருக்கற மாதிரி கண்ணுல ஒத்திக்கலாம், வேர்ட்ல போட்டது அரைகுறையா இருக்கும்னு. 2007-க்கு முன்னாடி வரைக்கும் அதை யாரும் மறுக்க முடியாது. இப்போ அந்த வாதத்துல பாதிக்கு மேல காத்து போயிடுச்சு. அது எப்படிப் போச்சுங்கறதையும் சொல்றேன், ஆனா நான் சொல்ல வர்றது வேற: இந்த சாஃப்ட்வேர்களுக்கு நடுவுல இன்னைக்கு இருக்கற நிஜமான வித்தியாசம், சமன்பாட்டை டைப் பண்ணி முடிச்சதுக்கப்புறம்தான் ஆரம்பிக்குது. எண் போடறது, நடுவுல ஒண்ணைச் சொருகறது, நீளமா போனா வரியை ஒடைக்கறது, பல வருஷம் கழிச்சு அதே ஃபைலைத் திறக்கறது, வெப்ல ஏத்தறது, இதெல்லாம்தான்.

கணக்கை அச்சுல கோர்க்கறதுல அப்படி என்ன பெரிய கஷ்டம்னு கேக்கறவங்களுக்கு மைனஸ் குறியைக் காட்டினாலே போதும். 5 − 3 அப்படின்னு எழுதறப்போ மைனஸுக்கு ரெண்டு பக்கமும் கொஞ்சம் இடம் விடணும். வெறும் −3 எழுதறப்போ அது 3-ஓட ஒட்டிக்கிட்டு நிக்கணும். அதே கழித்தல் ஒரு அடுக்குல, அதாவது மேல சின்னதா ஏறி உக்கார்ற இடத்துல வந்துச்சுன்னா, இடமே விடக் கூடாது, ஏற்கனவே எழுத்து சின்னது, அதுல இடைவெளி வேற விட்டா சிதறிப்போன மாதிரி தெரியும். ஒரே கீ, ஒரே குறி, மூணு விதமான நடத்தை. கையால அச்சுக் கோர்த்தவங்க இதைக் கண்ணாலயே பாத்துப் பண்ணாங்க, கம்ப்யூட்டருக்கு யாராவது சொல்லித் தரணும்.

சொல்லிக் கொடுத்தவர் டொனால்ட் குனூத். 1977-ல அவரோட 'தி ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் ப்ரோகிராமிங்' ரெண்டாம் தொகுதியோட புது பதிப்புக்கான ப்ரூஃப் வந்தப்போ, பழைய ஈய அச்சு போய் ஃபோட்டோ முறைக்கு மாறினதுல கணக்கெல்லாம் அசிங்கமா இருக்குன்னு கடுப்பாகி, நானே ஒரு சாஃப்ட்வேர் எழுதறேன்னு உக்காந்தவர் அவர், சீக்கிரம் முடிச்சிடலாம்னு ஆரம்பிச்ச வேலை கிட்டத்தட்ட பத்து வருஷத்தைச் சாப்பிட்டுடுச்சு. அப்படி வந்ததுதான் டெக். அதுல ஒவ்வொரு குறியும் எட்டு வகைல ஏதோ ஒண்ணுல சேரும்: சாதா எழுத்து, சிக்மா மாதிரி பெரிய குறி, கூட்டல் கழித்தல் வகை, சமம் பெருசு சிறுசு மாதிரி உறவுக்குறி, திறக்கற அடைப்பு, மூடற அடைப்பு, நிறுத்தக்குறி, அப்புறம் பின்னம் மாதிரி உள்ளடங்கின துண்டு. எந்த வகைக்குப் பக்கத்துல எந்த வகை வந்தா எவ்ளோ இடம்னு ஒரு அட்டவணை இருக்கு. ஒரு எம் அகலத்தை, அதாவது எழுத்தோட சைஸ் அளவு அகலத்தை, 18 பங்கா பிரிச்சா, 3 பங்கு மெல்லிய இடைவெளி, 4 பங்கு நடுத்தரம், 5 பங்கு தடிமன். கூட்டலைச் சுத்தி 4, சமக்குறியைச் சுத்தி 5, அடுக்குக்குள்ள போயிட்டா இந்த ரெண்டும் பூஜ்யம். மைனஸுக்கு இடது பக்கம் ஒண்ணுமே இல்லைன்னாலோ, சமக்குறியோ திறந்த அடைப்போ இருந்துச்சுன்னாலோ, அதை சாதா எழுத்தா எண்ணிக்கிட்டு இடம் விடாம ஒட்ட வச்சிடும். அவ்ளோதான் ரகசியம், ஆனா இதை யோசிச்சு எழுதி வச்சதுதான் பெரிய விஷயம்.

இதுல ஒரு வேடிக்கையான பக்க விளைவும் இருக்கு. 1,000 அப்படின்னு கணக்குக்குள்ள அடிச்சா டெக் அந்தக் கமாவை நிறுத்தக்குறின்னு நெனச்சு பின்னாடி ஒரு மெல்லிய இடைவெளி விட்டுடும், ஒண்ணு கமா தனியா, ஆயிரத்தோட பூஜ்யங்கள் தனியா நிக்கும். கமாவை நெளி அடைப்புக்குள்ள போட்டாத்தான் சாதா எழுத்தா எடுத்துக்கும். தீசிஸ் எழுதற நிறைய பேரு இதைக் கவனிக்கறதே இல்ல.

இன்னொண்ணு சைஸ். வரிக்கு நடுவுல வர்ற பின்னமும் தனி வரில வர்ற பின்னமும் ஒரே அளவுல இருக்கக் கூடாது. டெக் இதுக்கு நாலு நிலை வச்சிருக்கு: தனி வரி, வரிக்குள்ள, அடுக்கு, அடுக்குக்குள்ள அடுக்கு. ஒவ்வொண்ணுக்கும் நெருக்கமான ஒரு வடிவமும் உண்டு, ஆக எட்டு. வர்க்கமூலத்துக்கு உள்ளயோ பின்னத்தோட கீழ்ப்பகுதிலயோ இருக்கற எண்ணுக்கு அடுக்கு போட்டா அது வழக்கத்தை விட கொஞ்சம் கீழ இறங்கி நிக்கும், மேல இருக்கற கோட்டுல இடிக்கக் கூடாதுன்னு. இந்த அளவுக்குப் போய் யோசிச்சிருக்காங்க.

டெக்குக்கு முன்னாடியே இதுக்கு ஒருத்தர் இருந்தாங்க, சொல்லப் போனா ரெண்டு பேர். பெல் லேப்ஸ்ல ப்ரையன் கெர்னிகனும் லோரிண்டா செர்ரியும் சேர்ந்து 1970-கள்ல எழுதின ஈக்யூஎன். ட்ராஃப் அப்படிங்கற ஆவண சாஃப்ட்வேருக்கு முன்னாடி ஓடி, கணக்கை மட்டும் பிரிச்சு மொழிமாத்திக் கொடுக்கும். கணக்கும் தெரியாத, அச்சும் தெரியாத டைப்பிஸ்டுகள் கூட பயன்படுத்தணும்னு யோசிச்சு வடிவமைச்சது, அதனால வாயால எப்படிச் சொல்லுவோமோ அப்படியே அடிக்கலாம்: ஒன் ஓவர் டூன்னா பின்னம், சப்னா கீழ்க்குறி, சூப்னா மேல்க்குறி. பேக்ஸ்லாஷ் கிடையாது. சைன், காஸ், லாக்னு அடிச்சா அதுவே நேர் எழுத்துல போட்டுடும். லிப்ரே ஆபீஸ் மேத் இன்னைக்கும் கிட்டத்தட்ட இதே பாணிலதான் ஓடுது, அங்கயும் பின்னத்துக்கு ஓவர்தான்.

டெக்ல சைன்னு சும்மா அடிச்சா மூணு எழுத்தைப் பெருக்கின மாதிரி சாய்வா வந்து நிக்கும், முன்னாடி பேக்ஸ்லாஷ் போடணும். லெஸ்லி லாம்போர்ட் 1980-கள்ல டெக் மேல கட்டின லேடெக்கும் இதை மாத்தல, அமெரிக்கன் மேதமேட்டிகல் சொசைட்டி கொண்டு வந்த ஏஎம்எஸ் மேத் பேக்கேஜ்தான் பல வரி சமன்பாட்டை உருப்படியா அடுக்கற வழியெல்லாம் கொடுத்துச்சு. பழைய லேடெக்ல இருந்த ஈக்யூஎன் அர்ரே அப்படிங்கற சூழலை தயவு செஞ்சு யாரும் தொடாதீங்க, சமக்குறிக்கு ரெண்டு பக்கமும் தேவையில்லாம அகலமா இடம் விட்டு மொத்தத்தையும் கெடுத்துடும், இன்னமும் பழைய டெம்ப்ளேட்டுகள்ல அது உயிரோடதான் இருக்கு.

வேர்ட் பக்கம் வருவோம். 2007 வரைக்கும் வேர்ட்ல இருந்த ஈக்வேஷன் எடிட்டர் வேர்டோடதே கிடையாது, மேத்டைப்ங்கற சமன்பாட்டு சாஃப்ட்வேரோட சின்ன வடிவம், டிசைன் சயின்ஸ் கம்பெனி பண்ணினது. அது தனி ப்ரோகிராம், சமன்பாட்டை டபுள் க்ளிக் பண்ணினா தனி ஜன்னல் திறக்கும், முடிச்சதும் ஒரு பொருளா டாக்குமெண்ட்ல ஒட்டிக்கும். சுத்தி இருக்கற எழுத்தோட சைஸை மாத்தினா சமன்பாடு அசையாது, எல்லாம் தனித்தனித் தீவு. 2007-ல மைக்ரோசாஃப்ட் எல்லாத்தையும் புதுசா எழுதினாங்க, மர்ரே சார்ஜெண்ட் அதுல முக்கியமான ஆள். அப்போ அவங்க டெக்கோட விதிகளை நல்லாப் படிச்சுட்டுதான் வந்திருந்தாங்க. டெக்ல கோடு எவ்ளோ தடிமன், அடுக்கு எவ்ளோ மேல ஏறணும், பின்னக் கோடு எந்த உயரத்துல வரணும்ங்கற எண்களெல்லாம் ஃபான்ட்டோட அளபுருக்கள்ல இருக்கும், குறிகளுக்கான ஃபான்ட்ல 22, பெரிய அடைப்புகளுக்கான ஃபான்ட்ல 13. மைக்ரோசாஃப்ட் அதே யோசனையை எடுத்து, இன்னும் விரிவா, ஓப்பன்டைப்ங்கற ஃபான்ட் வடிவத்துக்குள்ள மேத் டேபிள்னு ஒரு அட்டவணையா வச்சாங்க. அதோட வந்த முதல் ஃபான்ட் கேம்ப்ரியா மேத். ஒரு எழுத்தோட நாலு மூலைலயும் அடுக்கு எவ்ளோ உள்ள நுழையலாம்னு தனித்தனியா சொல்ற வசதி கூட இதுல இருக்கு, பழைய டெக்ல அது கிடையாது.

இங்கதான் அழகு வாதம் ஆட்டம் கண்டுச்சு. அப்புறம் டெக்கோட புது வடிவங்களான ஸீடெக்கும் லுவாடெக்கும் அதே மேத் டேபிளைப் படிக்க ஆரம்பிச்சாங்க, லேடெக் மாதிரியே கட்டளையா அடிச்சு எழுதற புது சாஃப்ட்வேரான டைப்ஸ்டும் அதைத்தான் படிக்குது. ஒரே ஃபான்ட்டை வேர்ட்லயும் லுவாலேடெக்லயும் (லுவாடெக் மேல ஓடற லேடெக்) போட்டுப் பக்கத்துல பக்கத்துல வச்சா, ஒரு சாதாரண சமன்பாட்டுல எது எதுன்னு கண்டுபிடிக்கறது லேசு இல்ல. பத்தியோட மத்த எழுத்துல வரி ஒடையறது, சொல் இடைவெளி இதுலயெல்லாம் டெக் இன்னமும் முன்னாடிதான், ஆனா அது கணக்கு இல்ல.

அடிக்கற விதத்துலயும் இவங்க ஒருத்தரை ஒருத்தர் நெருங்கிட்டாங்க. வேர்ட்ல ஆல்ட் அழுத்திக்கிட்டு சமக்குறியைத் தட்டினா சமன்பாட்டு இடம் திறக்கும், அதுல (1+2)/3 அடிச்சு ஸ்பேஸ் தட்டினா அடைப்புக்குறி தானா காணாம போய் அழகா பின்னம் நிக்கும். டைப்ஸ்ட்லயும் ரெண்டு டாலர் குறிக்கு நடுவுல அதையே அடிச்சா அதேதான் நடக்கும், அடைப்பு வேணும்னே இருந்தா ரெண்டு தடவை போடணும். லேடெக்ல பேக்ஸ்லாஷ் ஃப்ராக், நெளி அடைப்பு, நெளி அடைப்புன்னு எழுதணும். அடைப்புக்குறி உள்ள இருக்கறதுக்கு ஏத்த மாதிரி வளர்றதும் வேர்ட்லயும் டைப்ஸ்ட்லயும் தானா நடக்கும், லேடெக்ல லெஃப்ட், ரைட்னு சொல்லணும். அப்படி சொன்னாலும் ஒரு குறை உண்டு: அந்த ஜோடி உள்ளடங்கின துண்டுன்னு கணக்காகிடும், அதனால சைனுக்கும் அடைப்புக்கும் நடுவுல தேவையில்லாத ஒரு மெல்லிய இடைவெளி விழும். கண்ணு பழகினவங்களுக்கு அது உறுத்திக்கிட்டே இருக்கும்.

சரி, டைப் பண்ணியாச்சு. இனிமேதான் விஷயமே.

எண் போடறதை எடுத்துப்போம். நாப்பது சமன்பாடு இருக்கற ஒரு அத்தியாயத்துல மூணாவதா ஒண்ணைப் புதுசா நுழைக்கறீங்க. லேடெக்ல ஒவ்வொண்ணுக்கும் ஒரு லேபிள் கொடுத்திருப்பீங்க, மேற்கோள் காட்டற இடத்துல அந்தப் பேரைச் சொல்லியிருப்பீங்க, ரெண்டு தடவை கம்பைல் பண்ணினா, அதாவது லேடெக்கை ஓட்டி பிடிஎஃப் எடுத்தா, எல்லா எண்ணும் தானா நகர்ந்திருக்கும். முதல் தடவை ஓட்டறப்போ எண்ணுக்குப் பதிலா ரெண்டு கேள்விக்குறி வந்து பயமுறுத்தும், அது வழக்கம்தான். டைப்ஸ்ட்ல இதே வேலை ஒரே ஓட்டத்துல முடியும், உள்ளுக்குள்ள அதுவே திரும்பத் திரும்பப் பாத்து நிலைக்க வச்சிடும், ஆனா எண் போடறது ஆரம்பத்துல அணைஞ்சுதான் இருக்கும், நாமதான் ஒரு வரி எழுதி ஆன் பண்ணணும். வேர்ட்ல? ரொம்ப வருஷம் இதுக்கு வழியே இல்லாம மூணு காலம் டேபிள் போட்டு, நடுவுல சமன்பாடு, வலது ஓரத்துல எண், கோடுகளை மறைச்சுடுன்னு ஊரெல்லாம் சொல்லிக் கொடுத்துக்கிட்டு இருந்தாங்க. இப்போ சமன்பாட்டு முடிவுல ஹேஷ் குறி போட்டு எண்ணை அடிச்சு என்டர் தட்டினா வலது ஓரத்துக்குப் போயிடும், அது பெரிய நிம்மதி, ஆனா அந்த எண் தானா ஏறாது, ஏறணும்னா உள்ள ஒரு ஃபீல்டு செருகணும், மேற்கோளுக்கு புக்மார்க் வைக்கணும், கடைசில எல்லாத்தையும் செலக்ட் பண்ணி எஃப் 9 தட்டணும். பண்ணலாம், ஆனா நாப்பதுக்கும் பண்ணிப் பாத்தவங்க அடுத்த தடவை லேடெக் பக்கம் போயிடுவாங்க. கூகுள் டாக்ஸ்ல எண் போடற வசதியே இல்ல, அதோட சமன்பாட்டுப் பட்டை சின்ன வீட்டுப்பாடத்துக்கு மேல தாங்காது.

வேர்ட்ல இன்னொரு குழி இருக்கு. பத்தில சமன்பாடு மட்டும் தனியா இருந்தாத்தான் அது தனி வரி நிலைல பெருசா நிக்கும். வாக்கியம் முடியுதேன்னு சமன்பாட்டுக்கு வெளிய ஒரே ஒரு முற்றுப்புள்ளி வச்சீங்கன்னா போதும், டக்குன்னு வரிக்குள்ள நிலைக்கு மாறி பின்னமெல்லாம் சுருங்கிடும், சிக்மாவோட எல்லைகள் மேல கீழ இருந்து பக்கத்துக்கு ஓடிடும். புள்ளியை சமன்பாட்டுக்கு உள்ளயே வைக்கணும். காரணம் தெரியாம இதோட மல்லுக்கட்டறவங்க நிறைய. டைப்ஸ்ட்ல டாலர் குறிக்கு உள்பக்கம் ஒரு ஸ்பேஸ் விட்டா தனி வரி, விடலைன்னா வரிக்குள்ள. இதுவும் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்தை நம்பி இருக்கற ஏற்பாடுதான்.

வரி ஒடைக்கறதுல மட்டும் வேர்ட் ஜெயிக்குது, அதை ஒத்துக்கணும். பக்க அகலத்தைத் தாண்டற நீளமான சமன்பாட்டை அது தானா ஒரு கூட்டல் குறிகிட்ட ஒடைச்சு கீழ கொண்டு வந்துடும், குறி மேல் வரி முடிவுல இருக்கணுமா கீழ் வரி ஆரம்பத்துல இருக்கணுமா, இல்ல ரெண்டு இடத்துலயும் வரணுமான்னு கூட கேட்டு வச்சுக்கும். டெக் தனி வரி சமன்பாட்டை ஒடைக்கவே ஒடைக்காது, அது பாட்டுக்கு ஓரத்தைத் தாண்டிப் போய் நிக்கும், எங்க ஒடைக்கணும்னு எழுதறவங்கதான் சொல்லணும். இதுக்கு ஒரு நியாயம் இருக்கு, எங்க ஒடைச்சா அர்த்தம் புரியும்ங்கறது எழுதினவங்களுக்குத்தான் தெரியும். ஆனா லெஃப்ட்னு ஒரு வரில திறந்து ரைட்னு அடுத்த வரில மூட டெக் விடாது, அதுக்கு முதல் வரில கண்ணுக்குத் தெரியாத ஒரு மூடல், ரெண்டாம் வரில ஒரு பொய்த் திறப்பு, ரெண்டோட உயரமும் ஒத்துப்போக ஒரு மாயப் பெட்டின்னு வித்தை காட்டணும், அந்த நேரத்துல எந்த லேடெக் ரசிகனும் கொஞ்சம் சலிச்சுக்குவான்.

ஆயுள் விஷயம் இன்னும் சுவாரசியம். வேர்டோட பழைய ஈக்வேஷன் எடிட்டர் இருக்கே, அது 2000-த்துக்கு அப்புறம் கிட்டத்தட்ட யாரும் கை வைக்காம வேர்டோடயே வந்துக்கிட்டு இருந்துச்சு. 2017 நவம்பர்ல அதுல ஒரு பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளிய தெரிஞ்சுச்சு, ஒரு டாக்குமெண்ட்டைத் திறந்தாலே கம்ப்யூட்டரைக் கைப்பத்தலாம்ங்கற அளவுக்கு. ஒட்டுப் போட்டுப் பாத்தாங்க, இன்னொரு ஓட்டை வந்துச்சு, 2018 ஜனவரி அப்டேட்ல மொத்தமாவே தூக்கிட்டாங்க. பழைய ஃபைல்கள்ல சமன்பாடு கண்ணுக்குத் தெரியும், ஆனா திருத்த முடியாம போச்சு. பதினஞ்சு வருஷம் சேத்து வச்ச பாடக்குறிப்புகளை வச்சிருந்த வாத்தியார்களோட நிலைமையை நெனச்சுப் பாருங்க. பின்னாடி புது வடிவத்துக்கு மாத்தற வசதி கொடுத்தாங்க, மேத்டைப் வாங்கினாலும் திருத்தலாம். புது வடிவமும் சண்டை இல்லாம வரல, 2007-ல வேர்டோட புது சமன்பாட்டை ஏத்துக்க மாட்டோம்னு சயின்ஸ் இதழே அறிவிச்சுச்சு, ஏன்னா அவங்களோட அச்சு வேலைக்கு அது ஒத்துப்போகல. அந்த ஃபைலைப் பழைய டாக் வடிவத்துல சேவ் பண்ணினா சமன்பாடெல்லாம் படமா மாறிடும்.

டெக் இதுக்கு நேர் எதிர். குனூத் அதை உறைய வச்சுட்டார், புது வசதி எதுவும் சேக்கறதில்ல, தப்பைத் திருத்தறப்போ மட்டும் பதிப்பு எண் பையோட (π) அடுத்த தசமத்துக்கு நகரும், 2021-ல 3.141592653 வரைக்கும் வந்திருக்கு, அவர் போனப்புறம் எண் பைன்னே நின்னுடணும்னு சொல்லி வச்சிருக்கார். அதனால 1980-கள் கடைசில வெறும் டெக்ல எழுதின ஃபைல் இன்னைக்கும் அதே மாதிரி வரும். லேடெக்குக்கு இந்த உத்தரவாதம் முழுசா பொருந்தாது, பேக்கேஜுகள் மாறும், ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கும், இருந்தாலும் சமன்பாட்டு வரிகள் மட்டும் கிட்டத்தட்ட அப்படியே தப்பிச்சிடும், சும்மா எழுத்துதானே, எந்த எடிட்டர்லயும் திறந்து படிக்கலாம். டைப்ஸ்ட் இதுல இன்னும் குழந்தை. பெர்லின்ல லாரென்ஸ் மேட்யேவும் மார்ட்டின் ஹவுக்கும் ஆரம்பிச்சது, 2023 மார்ச்லதான் வெளிய வந்துச்சு, வேகத்துலயும் பிழைச் செய்தி தெளிவா சொல்றதுலயும் லேடெக்கைத் தூக்கிச் சாப்பிடுது. லேடெக்ல கணக்குக்கு வெளிய ஒரு அடிக்கோடு அடிச்சுட்டா, கணக்கைத் தொடங்கற டாலர் குறியைக் காணோம்னு கத்தும், டைப்ஸ்ட்ல ரெண்டு எழுத்தை ஒட்டி அடிச்சா இந்தப் பேர்ல எதுவும் இல்லையே, நடுவுல ஸ்பேஸ் விட மறந்துட்டீங்களான்னு கேக்கும். ஆனா இலக்கணம் இன்னும் பதிப்புக்குப் பதிப்பு நகருது, ஜர்னல்கள்ல ரொம்ப சில இடங்கள்லதான் ஏத்துக்கறாங்க. சொந்த நோட்ஸுக்கு நான் தயங்காம சொல்லுவேன், பத்து வருஷம் நிக்க வேண்டிய புத்தகத்துக்கு இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம்.

திரைல பாத்துக்கிட்டே அடிக்கணும், ஆனா லேடெக் தரம் வேணும்னு நெனக்கறவங்களுக்கு லிக்ஸ் இருக்கு, லினக்ஸ் டெஸ்க்டாப்பான கேடிஈ-யைத் தொடங்கின அதே மத்தியாஸ் எட்ரிஷ் 1995-ல ஆரம்பிச்சது. ஜோரிஸ் ஃபான் டெர் ஹூவனோட டெக்மேக்ஸும் திரைல பாத்து அடிக்கறதுதான், பேர்ல டெக் இருந்தாலும் அது டெக் எஞ்சினே இல்ல. ரெண்டையும் பயன்படுத்தறவங்க விட்டுக் கொடுக்கவே மாட்டாங்க, மத்தவங்களுக்கு இப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது.

வெப்தான் கடைசி இடம், இங்க கதை கோணலாப் போச்சு. வெப் பக்கத்துல கணக்கை எழுதற டேக் மொழியான மேத்எம்எல், வெப் தரங்களை வகுக்கற டபிள்யூ3சி அமைப்போட பரிந்துரையா 1998-லயே வந்துடுச்சு, ஒரு சின்னப் பின்னத்துக்கே பல டேக் எழுதணும், கையால யாரும் எழுத முடியாது, எழுதறதுக்காக அதை உண்டாக்கவும் இல்ல. ஃபயர்ஃபாக்ஸ் அதைக் காட்டுச்சு, குரோம் 2013-ல ஒரு பதிப்புல சேத்துட்டு அடுத்ததுல எடுத்துட்டாங்க, திரும்ப வந்தது 2023 ஜனவரில, 109-ஆம் பதிப்புல, அதையும் இகாலியாங்கற வெளி நிறுவனம்தான் எழுதிக் கொடுத்துச்சு. நடுவுல இருந்த பத்து வருஷத்தை, பக்கத்துலயே கணக்கை வரைஞ்சு காட்டற ஜாவாஸ்க்ரிப்ட் நூலகங்களான மேத்ஜாக்ஸும் கான் அகாடமில பிறந்த கேடெக்கும் நிரப்பினாங்க, ரெண்டும் வாங்கிக்கறது லேடெக் எழுத்துமுறையை. விளைவு என்னன்னா, டெக் எஞ்சின் இல்லாத இடத்துலயும் லேடெக் எழுத்துமுறை பொது மொழியாயிடுச்சு: ஜுப்பிட்டர் நோட்புக், விக்கிப்பீடியா, மார்க்டவுன் எடிட்டர்கள், ஏஐ சாட்பாட்டுகள், ஏன் வேர்டே இப்போ லேடெக் அடிச்சா புரிஞ்சுக்குது. டைப்ஸ்ட் பக்கம் போறவங்க கூட அதனால பேக்ஸ்லாஷ் ஃப்ராக்கை மறக்க முடியாது.

கண் பார்வை இல்லாதவங்க பக்கத்துல இருந்து பாத்தா வரிசை தலைகீழாகுது. லேடெக் வழக்கமா கொடுக்கற பிடிஎஃப்ல பின்னம்ங்கறது மேல ஒரு எழுத்து, கீழ ஒரு எழுத்து, நடுவுல ஒரு கோடு, அவ்ளோதான், இது பின்னம்னு எங்கயும் எழுதியிருக்காது, ஸ்க்ரீன் ரீடர் அதைக் குழப்பி ஏதோ ஒரு வரிசைல வாசிக்கும். லேடெக் குழு இதைச் சரி பண்ண பல வருஷமா வேலை செய்யுது, புது பதிப்புகள்ல அடையாளம் போட்ட பிடிஎஃப்ல மேத்எம்எல்லைச் சேக்கற வழி வந்துக்கிட்டு இருக்கு. வேர்ட் ஃபைலுக்குள்ள சமன்பாட்டோட அமைப்பு 2007-ல இருந்தே முழுசா இருக்கு, அதனால அதை பின்னம், மேல இது, கீழ இதுன்னு வாசிக்க வைக்க முடியும். வெப்ல மேத்எம்எல்லும் அப்படித்தான்.

நடைமுறைல ரொம்ப பேரு மாட்டறது, கூட எழுதறவர் வேர்ட், நாம லேடெக்ங்கற இடத்துல. பேண்டாக்ங்கற ஃபைல் மாத்தற சாஃப்ட்வேரை வச்சு டெக் ஃபைலை வேர்டோட டாக்எக்ஸா மாத்தினா சமன்பாடுகள் படமா இல்லாம வேர்ட்லயே திருத்தற மாதிரி வந்துடும், நாமளே வச்சிருக்கற சின்ன சின்ன மேக்ரோவை (சுருக்கக் கட்டளையை) கூட விரிச்சுக் கொடுத்துடும். ஆனா சமன்பாட்டு எண்களும் அதைக் காட்டற மேற்கோள்களும் ஒழுங்கா வராது, பேர் மட்டும் சதுர அடைப்புக்குள்ள நிக்கும், அதுக்குன்னு தனி ஃபில்டர் போட்டாத்தான் உண்டு. அதனால மாத்தறதுக்கு முன்னாடி எண்ணோட இருக்கற பிடிஎஃப் ஒண்ணையும் சேத்து அனுப்பிடுங்க, இல்லைன்னா அவர் 'சமன்பாடு 12-ல தப்பு இருக்கு'ன்னு சொல்றது எதைன்னு ரெண்டு பேரும் ஃபோன்ல எண்ணிக்கிட்டு இருக்கணும்.